பறக்கிறவருக்குப் பின்னால் கிடந்தவர்கள்

சிவமயம்

உடுப்பிட்டி
5-10-1943

அன்பு மகன் பரமலிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. எகிப்தின் வெயிலிலும் மணலிலும் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காக்கட்டும். இங்கே எல்லோரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் ஐயாவுக்கு மூச்சுமுட்டு விட்டபாடில்லை, கூப்பன் அரிசியில் பாதி கல், உன் தங்கை அருந்ததிதான் புடைத்துத் தருகிறாள், நான் படிப்பித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தால் எழும்ப மனம் வருவதில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்த பொடியனிடம் நீ கொடுத்துவிட்ட அமெரிக்கப் படக்கதைப் புத்தகமும் கடிதமும் கிடைத்தன. பட்டாளக் களஞ்சியத்தில் சாமான் எண்ணிக்கொண்டிருப்பது வெட்கமாக இருக்கிறது, யுத்த முன்னணிக்கு லொறி ஓட்டப் பெயர் கொடுக்கட்டோ, நீங்கள் ஓம் என்றால் கொடுப்பேன் என்று கேட்டிருந்தாய். ஓம் என்றுதான் எழுத இருந்தேன். கடமையைத் தட்டாதே என்று சொல்லி வளர்த்தவள் எந்த வாயால் மறுப்பது?

அதற்குள் உன்னோடு அங்கே இருக்கிற ஏரம்புவின் தாய் சிவக்கொழுந்து, புத்தகம் வந்த சேதி கேட்டு, அயல் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கோயிலில் புராணம் படிக்கிற மாதிரியே விளக்கைக் கொளுத்திப் புத்தகத்தைப் பலகையில் வைத்து, அருந்ததி ஆங்கிலத்தை வாசிக்க நான் தமிழில் பொருள் விரித்துப் பயன் சொல்ல வேண்டும் என்று இருத்திவிட்டார்கள். சிவப்புப் போர்வை கட்டி ஆகாயத்தில் பறக்கிறவர் எதிரியின் டாங்கியைத் தூக்கி எறிந்ததும் எல்லோரும் கைகூப்பினார்கள். "உவர் ஆரின்ரை அவதாரம் ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள், "ஆராயிருந்தால் என்ன, உவர் நிக்கேக்கை எங்கடை பொடியளுக்கு என்ன பயம்" என்றாள் மற்றவள். கடைசிப் படத்தில் அவர் கொடியோடு நிற்கிறார், பின்னால் சிப்பாய்கள் மண்ணில் கிடக்கிறார்கள். பயன் சொல்லுகிறவர்கள் மங்களமாகத்தான் முடிப்பார்கள், நானும் அந்தப் பழக்கத்தில், பிள்ளைகள் களைத்து நித்திரை கொள்ளுகிறார்கள் என்றேன். சிவக்கொழுந்து குனிந்து பார்த்தாள். "கண்ணைத் திறந்துகொண்டோ ரீச்சர் நித்திரை கொள்ளுறவை?" என்றாள். பிறகு ஒவ்வொருத்தராக எழும்பினார்கள். போகும்போது படலையடியில் என் கையைப் பிடித்து, "உங்கடை மகன் போனால் என்ரை மொக்கனும் பின்னாலை இழுபடுவான், அவனுக்கெண்டு ஒரு புத்தி இருக்கே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்கு அவள் அழுதிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

எல்லோரும் போனபின் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன் மகன். பறக்கிறவருக்குப் பக்கம் பக்கமாக முகம் வரைந்தவர்கள் கிடக்கிறவர்களுக்கு மூக்கு வாய்கூடச் சரியாக வைக்கவில்லை. கண் மட்டும்தான், அதுவும் ஒரு புள்ளி. நீ அந்தப் பறக்கிறவரை நம்புகிற ஆள் இல்லை, ஆனாலும் அவரைப்போல் கொஞ்சம் ஆகிப் பார்க்க உனக்கு ஆசை என்று நினைக்கிறேன். சாமான் எண்ணி அனுப்ப ஆள் இல்லாவிட்டால் முன்னால் நிற்கிறவன் எதைத் தின்பான்? என் பதில், வேண்டாம். நான் முன்னர் சொன்னதையெல்லாம் எடுத்து வைத்து என்னோடு வாதாடாதே, எனக்கு இப்போது வாதாடச் சீவன் இல்லை.

உனக்கும் ஏரம்புவுக்கும் ஐயாவினதும் என்னுடையதும் ஆசீர்வாதம். தலைக்கு எண்ணெய் வைக்க மறவாதே. பெயர் கொடுக்கவில்லை என்று ஒரு வரி உடனே எழுது. இது வரும்முன் கொடுத்துவிட்டாயானால் அதையும் ஒளிக்காமல் எழுது, சிவக்கொழுந்திடம் நானே போய்ச் சொல்லவேண்டும்.

உன் அம்மா
மீனாம்பிகை