அலாரத்தை நிறுத்த மாட்டேன்

ஜூன் 8, செவ்வாய்
விடியும்போதே மழை. குடைக்கம்பி உடைஞ்சு போச்சு. ரெயின்கோட் வாங்கணும்.

காலையில அம்மா: "யாருடி அந்த நெய்பர், தெனமும் உன் வாயில?"
நம்ம ஹேடோ ஆபீஸ் நெட்வொர்க் சுவிட்சும் மின்னி பே சுவிட்சும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி, ஓயாம "இருக்கியா?"ன்னு விசாரிச்சுக்கும், பதில் நின்னா அலாரம் அடிக்கும், நெட் தானா ரேடியோ வழிக்கு மாறிடும்னு சொன்னேன்.
"சண்டை போடாத பக்கத்து வீடு. நல்லதுதான்."

ஆபீஸ் போனா மறுபடி மின்னி பே டவுன். ரேடியோ வழி ரொம்ப ஸ்லோ. நம்ம நெட்ல ஓடுற கப்பல் டிக்கெட் கவுண்ட்டர்ல ஒரே கூச்சல். "அரே, ஜல்தி கரோ!"ன்னு எல்லாருக்கும் அவசரம்.

பெரிய சார் கூப்பிட்டார். திங்கக்கிழமை மெயின்லேண்ட்ல இருந்து இன்ஸ்பெக்‌ஷன். "அலாரம் பந்த் கர் தோ. அலாரம் நஹி, தோ ப்ராப்ளம் நஹி." அலாரத்தை நிறுத்திட்டா பிரச்சனையே இல்லையாம்.
"நஹி சார்"னு வந்துட்டேன்.

ஜூன் 9, புதன்
மழை. மீன் இல்ல, முட்டைக் குழம்பு.
கூட வேலை பாக்குற பிஸ்வாஸ் தாதா (பெங்காலில தாதான்னா அண்ணன்) காதுல வந்து சொன்னார்: "உன் கான்ட்ராக்ட் முடியப் போகுது. சுப் ரஹோ."

எப்படி சும்மா இருக்க? சுனாமி அலை வந்த அன்னைக்கு என் அண்ணன் காம்ப்பெல் பே தீவுல. விசாரிச்சா "உதர் ஸே கோயி கபர் நஹி"ன்னாங்க. தகவல் இல்லேன்னா ஆபத்து இல்லேன்னு நம்பினோம். அம்மா அவனுக்குச் சோறு கூட எடுத்து வச்சாங்க. அவன் அதுக்கு முன்னாடியே போயிட்டான்.

சத்தமில்லேன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு இனி எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்.

ஜூன் 11, வெள்ளி
தாதா ஸ்கூட்டர்ல மின்னி பே. சுவிட்ச் ரூம் கூரையில ஒரு தகரமே இல்ல. தண்ணி நேரா கரண்ட் பாக்ஸ் மேல. இந்தக் கூரையைத்தான் போன வருஷமே சரி பண்ணியாச்சுன்னு சார் மெயின்லேண்டுக்குச் சொல்லியிருக்கார். அவருக்கு அலாரம் ஏன் கசக்குதுன்னு புரிஞ்சுது.
தார்ப்பாய் கட்டினோம். நல்லா நனைஞ்சாச்சு. தும்மல்.

ஜூன் 14, திங்கள்
காத்து தார்ப்பாயைத் தூக்கிட்டுப் போயிருச்சு போல. இன்ஸ்பெக்டர் டீ குடிக்கிறப்போ அலாரம்.
"யே க்யா ஹை?" என்ன சத்தம்னு கேட்டார்.
சார் என்னைப் பாத்து முழிச்சார். மின்னி பே கூரையைப் பத்தி நானே சொன்னேன். தாதாவும் எழுந்து நின்னார், "ஹான் சார், கூரை இல்ல, நானும் பாத்தேன்." எதிர்பாக்கல. அழுகை வந்துச்சு, அடக்கிட்டேன்.
இன்ஸ்பெக்டர் ஜீப் எடுக்கச் சொல்லி நேரா மின்னி பே கிளம்பிட்டார்.

ஜூன் 16, புதன்
தகரம் வந்து இறங்கியாச்சு. வெல்டர் தேவசகாயம் ஏறிட்டார்.
சார்: "நாளையில இருந்து நீ சிப்பிகாட். அங்க ஒரே ஒரு சுவிட்ச். போ."
"எழுத்துல குடுங்க சார். காரணமும் எழுதுங்க."
பேனாவை எடுத்தார். மூடினார். ரூமுக்குள்ள போயிட்டார்.
நான் என் சீட்ல.