ஆறு பேர் கணக்கு

ராஜபாளையத்தில் நாங்கள் நடத்தும் கணிதப் பயிலரங்குக்கு வந்த விண்ணப்பங்களைப் போன மாதம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் முகவரியில் சுந்தரபாண்டியம் என்றிருந்தது. உன் ஊர். அதற்குமேல் படிக்க ஓடவில்லை.

நாம் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்தபோது இப்படி ஒரு பயிலரங்குக்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கென்று நடத்தினார்கள். பரீட்சைக் கணக்கு கிடையாது, நிரூபணம் மட்டுந்தான். என் அப்பா மில் தொழிலாளி என்றாலும் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருந்தார். நீ தமிழில் படித்தவள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்ததால் அங்கே நீ வாயே திறக்கவில்லை.

நான்காம் நாள் பேராசிரியர் ஒரு கேள்வி போட்டார். எந்த ஆறு பேரை எடுத்தாலும், தங்களுக்குள் அறிமுகமான மூன்று பேரோ, அறிமுகமே இல்லாத மூன்று பேரோ கட்டாயம் இருப்பார்கள். ஏன்? எல்லோரும் படம் படமாக வரைந்து தள்ளினோம். நீ செத்த நேரம் சும்மா இருந்துவிட்டு என் பக்கம் குனிந்தாய்.

"ஏட்டி, எல்லாரையும் ஏன் பாக்கணும்? ஒருத்திய மட்டும் புடி. மிச்சம் அஞ்சு பேர்ல, மூணு பேராவது அவளுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கணும், இல்ல தெரியாதவங்களா இருக்கணும். பொறவு அந்த மூணு பேர மட்டும் பாத்தாப் போதும்."

"நீயே போய்ச் சொல்லு."

"எனக்கு இங்கிலீஷ் வராது. நீ போ."

போய்ச் சொன்னேன். இது எப்படித் தோன்றியது என்று பேராசிரியர் கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். எனக்குச் சென்னையில் ஆராய்ச்சி இடம் வாங்கிக் கொடுத்த அவருடைய பரிந்துரைக் கடிதத்தில் அந்த நாளைப் பற்றித்தான் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், "நீ சொன்னா என்ன, நான் சொன்னா என்ன" என்றாய். கிருஷ்ணன்கோவில் பஸ்ஸில் ஏறும்போது, என்னைப் பார்க்காமல், "எம்பேர ஒரு தடவ சொல்லிருக்கலாம்" என்றாய்.

அடுத்தடுத்த வருஷங்களில் எத்தனை தடவை போனில் பேசினோம். ஒரு தடவையும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மஞ்சள் காமாலை முற்றி நீ போய்விட்டாய் என்று தெரிந்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் அவளும் சேந்துதான் அந்தக் கணக்கப் போட்டியளாம்ல, தாயி. எல்லார்ட்டயும் சொல்லுவா."

எனக்குப் பாதியைக் கொடுத்திருந்தாய். நான் அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன். அதிலிருந்து, வகுப்பில் பிள்ளைகள் சத்தமில்லாமல் கணக்குப் போடும்போதெல்லாம் என் காதோரம் "ஏட்டி" என்று கேட்கும். திரும்பிப் பார்ப்பேன்.

இன்று காலை பயிலரங்கில் அதே கேள்வியைப் போட்டேன். நிரூபணத்தை எழுதி முடித்து, இதைக் கண்டுபிடித்தது என் கூடப் படித்தவள், நானில்லை என்று சொன்னேன். உன் முழுப் பெயரையும் போர்டில் எழுதினேன். சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எம்புட்டுப் பெருசா எழுதுன?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"இப்பவும் இருக்குமா?"

மத்தியானமே அடுத்த கணக்குக்காக அதை அழித்திருந்தேன், என் கையாலேயே.