மூன்றாவது மாதச் சம்பளப் பட்டியல்

இன்று காலை அந்தத் தாள் கைக்கு வந்தது. ஆபீசைத் தேனாம்பேட்டைக்கு மாற்றுகிறோம். தி. நகர் மாடியைக் காலி செய்யப் பழைய ஃபைல்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட பிரிண்டர் தாள், அதில் ஒரு பெயரைச் சுற்றி உன் பச்சைப் பென்சில் வட்டம். நீ இறந்துபோய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்தேன்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே இப்போது பயப்படுகிறது. கேட்டிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஐந்து வருடம் முன்பு நாம் கம்ப்யூட்டருக்குப் பயந்த பயம் வேறு. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, வெளிக் கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். சார் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒருத்தர் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மயிலாப்பூரில் அம்மாவிடம் விட்டுவந்த கைக்குழந்தை உனக்கு. நான் கே.கே. நகர் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனாலும் கேட்பாரில்லை. நீ யோசித்து முடிப்பதற்குள் நான் கை தூக்கிவிட்டேன்.

பிறகு அந்த மூன்று மாதம். நீ கையால் போடும் பட்டியலையே நான் கம்ப்யூட்டரிலும் போட வேண்டும். மூன்று மாதமும் என்னுடையது பிழையில்லாமல் வந்தால் கையால் எழுத ஆள் தேவையில்லை. பிழை வந்தால் உனக்கு இன்னும் மூன்று மாதம். சார் நம் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"நீ சரியா போட்டா நான் வூட்டுக்கு. நல்லா கீதுடி கணக்கு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மாதம் கிண்டி கம்பெனியின் இரண்டு ராஜேந்திரன்களில் கோட்டை விட்டேன். ஒருவர் போட்ட எட்டு நாள் விடுப்பை மற்றவர் சம்பளத்தில் பிடித்துவிட்டேன். சார் வர அரை மணி இருந்தது. நீ வட்டம் போட்டு என் முன்னால் வைத்தாய்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? இந்தாளு லீவே போட மாட்டாரு. சீக்கிரம் மாத்து, சார் வந்துடுவாரு."

மாற்றினேன். சார் வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, "சபாஷ்மா, மூணு மாசமும் சுத்தம்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். இவள்தான் கண்டுபிடித்தாள் சார் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பேனா மூடி விழுந்ததுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். உன் வட்டம் போட்ட தாளைக் கிழிக்கக் கை வராமல் ஃபைலின் அடியில் செருகினேன்.

நீ கிளம்பினாய். பேப்பரில் வந்த கணக்கு வேலை விளம்பரம் ஒவ்வொன்றும் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்றது. பாண்டி பஜார் பக்கம் தெருவுக்கு இரண்டு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். உனக்குக் கிடைத்தது சர்ச் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் வாங்கும் வேலை, பாதிச் சம்பளத்துக்கு. லஸ் பஸ் ஸ்டாப்பில் உன்னை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் கூட்டத்துக்குள் நழுவினேன். வெட்கமாக இருந்தது.

இன்று தாளோடு நேராகச் சாரிடம் போனேன். "தப்பு என்னோடது சார். கண்டுபிடிச்சது அவ. அன்னைக்கே சொல்லியிருந்தா அவ வேலை போயிருக்காது."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியெல்லாம் இல்லம்மா. தப்பு வந்தாலும் வராட்டியும் ஒருத்தருக்குத்தான் வேலைன்னு ரெண்டாவது மாசமே முடிவு பண்ணியாச்சு. அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவங்கதான் கேட்டுக்கிட்டாங்க, பாவம், தெரிஞ்சா அவ கணக்குல தப்பு பண்ணிடுவான்னு."

அப்படியானால் உன் வேலை போனதற்கு நான் காரணமில்லை. ஐந்து வருடப் பாரம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. போகப்போகிறோம் என்று தெரிந்தேதான் என் பிழையைத் திருத்தினாய். வேலையைக் காப்பாற்றச் சொல்லி நீ என்னைப் பார்க்கவே இல்லை. உன் பெயரை ஒரு தடவை நான் சொல்வேனா என்று பார்த்தாய்.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இனி அது அங்கேதான் இருக்கும். மேசைக்கடியில் தேடினேனே ஒரு பேனா மூடி, அது அன்று என் கையிலேயேதான் இருந்தது. அதையும் நீ பார்த்தாய்.