கடைசி ஓவர் யாருக்கு, மச்சான்?

என் ஆசை மச்சான் சேவியருக்கு,

நலமா என்று உன்னிடம் கேட்க முடியாது. அதனால் நேராகச் சண்டைக்கே வருகிறேன். போன சீசன் அரையிறுதியில் கடைசி ஓவரைப் பாண்டி அண்ணனிடம் நீ கொடுத்தது தவறு. எட்டு மாதம் கழித்தும் சொல்கிறேன், தவறுதான்.

அவர்களுக்கு ஆறு பந்தில் ஒன்பது ரன் வேண்டும். எனக்கு ஒரு ஓவர் பாக்கி இருந்தது. புஜைராவில் இருக்கிற அத்தனை லேபர் கேம்ப் டீமும் என் யார்க்கருக்குப் பயப்படும் என்று நீயே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாய். நான் பந்தை வாங்கக் கையை நீட்டினேன். நீ என்னைத் தாண்டிப் போய்ப் பாண்டி அண்ணன் கையில் கொடுத்தாய். ஒரு வைடு, இரண்டு ஃபோர். ஆட்டம் முடிந்தது.

அவர் மறுநாள் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர். அப்படிப் போகிறவரைக் கடைசி ஆட்டத்தில் முதலில் பேட்டிங் இறக்குவது நம் கேம்ப் வழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வழக்கம் பேட்டோடு நிற்க வேண்டாமா? அரையிறுதியின் கடைசி ஓவர் என்ன, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையா, போகிறவர் கையில் கொடுத்து அனுப்ப?

அந்த வாரம் டூட்டி பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. சாரம் கட்டுகிறவன், பெயின்டர், சமையல்காரர் என்று ஆளாளுக்கு உன்னைக் கிழித்தார்கள். பேட்டைப் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் ஃபீல்டு வைக்கச் சொல்லிக் கொடுத்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. நீ மட்டும் சிரித்துக்கொண்டு ஒரே வரியைச் சொன்னாய்.

"ஆமாலே, என் முடிவுதான். ஏசணும்னா என்னைய ஏசுங்க."

அந்தச் சிரிப்பில் என் உடம்பெல்லாம் எரிந்தது. திமிர் என்று நினைத்தேன். "இனிமே உன் டீம்ல நான் இல்ல" என்று வாட்ஸப் குரூப்பில் குரலைப் பதிந்து போட்டுவிட்டு வெளியேறினேன். பஸ்ஸில் மூன்று வருடமாக உன் பக்கத்தில் உட்கார்ந்தவன், எழுந்து கடைசி வரிசைக்குப் போனேன்.

நான் இடம் மாறிய பதினோராம் நாள் காலை, பஸ் சைட் வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நீ இறங்கவில்லை. தூங்குகிறாய் என்று நினைத்து டிரைவர் கான் பாய் தோளைத் தட்டினார். நீ எழவே இல்லை. மாரடைப்பு என்று பிறகு டாக்டர் சொன்னார். வழியில் எந்த இடத்தில் வலித்தது மச்சான்? பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தாயா? நான் அங்கே இருந்திருந்தால் உன் மூச்சு மாறியது தெரிந்திருக்காதா? இதை யாரிடமும் நான் கேட்டதில்லை. டாக்டரிடம்கூட. அவர் என்ன பதில் சொல்வாரோ என்று பயம்.

உன் வீட்டிலிருந்து தங்கச்சி, உன் மனைவி, போன வாரம் போன் செய்தாள். உன் மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். நம் சண்டை தங்கச்சிக்குத் தெரியாது போலிருக்கிறது. "அண்ணே, அவரு கடைசியா உங்களப் பத்தித்தான் பேசிட்டிருந்தாரு" என்றாள். என்ன பேசினாய் என்று கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

இந்த சீசன் என்னைக் கேப்டனாக்கிவிட்டார்கள். "நீதான அவ்வளவு பேசுன, நீயே நடத்து" என்றார்கள். நியாயம்தானே.

மூன்றாவது ஆட்டம். என் ஓவர்கள் முடிந்துவிட்டன. கடைசி ஓவரை வெல்டர் தர்மராஜ் அண்ணனிடம் கொடுத்தேன். நல்ல முடிவுதான், இப்போதும் சொல்வேன். யார்க்கர் போடுங்கள் என்றேன். பந்து ஃபுல்டாஸாகிப் போனது. சிக்ஸர். தோற்றோம்.

மறுநாள் பஸ்ஸில் ஆரம்பித்தார்கள். "ஏன்யா அவருக்குக் குடுத்த?" எனக்குப் பொறுக்கவில்லை. "நான் என்னய்யா பண்றது? யார்க்கர் போடுங்கன்னு தெளிவா சொன்னேன். அவரு ஃபுல்டாஸ் போட்டாரு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் மச்சான், ஒரு சொல் கூட்டவில்லை. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தர்மராஜ் அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கிரவுண்டுக்கு வரவில்லை. தேடிப் போனால், குழாயடியில் துவைத்த சட்டையையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தார். "முதுகுவலிப்பா. நீங்க ஆடுங்க" என்றார். சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அங்கேதான் எனக்கு உறைத்தது. போன வருடம் கேம்ப் முழுக்க உன்னைத் திட்டினோமே, பாண்டி அண்ணன் போட்ட வைடைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினோமா? அவர் பெயரே வரவில்லை. மறுநாள் அவர் பெட்டியை நான்கு பேர் தூக்கினார்கள். நான்கூடக் கட்டிப்பிடித்து அனுப்பினேன். இருபது வருடம் வெயிலில் நின்ற மனுஷன், தோற்கடித்தவன் என்ற பெயரில்லாமல் விமானம் ஏறினார். "போகிற மனுஷன், ஆசைப்பட்டார்" என்று நீ ஒரு சமாதானம் சொல்லியிருந்தால் போதும், அத்தனை ஏச்சும் அவர் தலையில் விழுந்திருக்கும். நீ சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. யோசித்துத்தான் செய்தாயா, இல்லை உன் சுபாவமே அதுவா? எனக்காவது ஜாடை காட்டியிருக்கக் கூடாதா, படுபாவி?

நாலு நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று காலை பஸ் கிளம்பியதும் எழுந்து நின்றேன்.

"அன்னைக்கு யார்க்கர் போடத்தான் போனாரு. நான்தான் கடைசி நேரத்துல வேணாம், மேல போடுங்கன்னு கையக் காட்டிட்டேன். தப்பு எம்மேல" என்றேன்.

பச்சைப் பொய். நான் கையையும் காட்டவில்லை, காலையும் காட்டவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் தர்மராஜ் அண்ணன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? அரை மணி நேரம் கிழி கிழி என்று கிழித்தார்கள். கான் பாய் கண்ணாடியில் பார்த்து, "கேப்டன் பாகல் ஹை" என்று தன் பங்குக்குப் பைத்தியக்காரப் பட்டத்தையும் சேர்த்தார். எல்லோரும் ஓய்ந்த பிறகு தர்மராஜ் அண்ணன் வாயைத் திறந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்யா, இவன் சொல்றது கோளாறுன்னு. கேப்டன் சொல்லிட்டானேன்னு போட்டுத் தொலைச்சேன்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓவர் மறுபடியும் அவருக்குத்தான். தோற்றால் என்னை ஏசட்டும். உன் முடிவு தவறு என்பதில் மட்டும் எனக்கு மாற்றமில்லை. அந்தப் பந்து என் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே மச்சான். வழியெல்லாம் உன்னோடு கத்திக்கொண்டே வந்திருக்கலாமே.

இனி யாரோடு எவ்வளவு சண்டை போட்டாலும் பேச்சை நிறுத்த மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் கோபம் தீராத,
உன் மாப்பிள்ளை முருகேசன்
புஜைரா