சேம்பிளுக்குக் கொடுத்த ஷீல்டு

மாஸ்டர், முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் வீதிச் சங்கத்தின் சமாதான விருது எனக்குத்தான் என்று நம்பி, மீசைக்கு மை அடித்து, நன்றியுரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விழாவுக்குப் போனவன் நான். இன்று பீரோவைக் குடைந்தபோது அந்த வெள்ளைச் சட்டை கையில் சிக்கியது. காகிதமும் பைக்குள் அப்படியே இருக்கிறது. 'இந்த எளியவனைத் தேடி வந்த பெருமை' என்று ஆரம்பம். படித்தபோது எனக்கே கூசியது. என் சம்சாரம் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, யாரு எழுதுன லவ் லெட்டருங்க?" என்றாள். "எனக்கு நானே எழுதிக்கிட்டது" என்றேன். "அதானே, வேற யாரு எழுதப் போறா" என்று போய்விட்டாள்.

நம் பனியன் நகரத்து ராயபுரத்தில் அந்த ஒரு வீதிக்கு மட்டும் சமாதான விருது தேவைப்பட்டது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனியன் கம்பெனியும் குடித்தனமும் கலந்த வீதி. சண்டைக்குப் பஞ்சமே கிடையாது.

நான் சாதித்ததும் உங்கள் கண் முன்னால் நடந்ததுதான். நம் கம்பெனியில் தையல்காரர்களும் கட்டிங்கில் இருந்த வடநாட்டு ஆட்களும் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீக்கடையில் ஆளுக்கொரு பெஞ்சு. வெட்டிய துணிக்கட்டைக் கையில் கொடுக்காமல் தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். கட்டுகள் கலந்து, உடம்பு ஒரு பச்சை, கை ஒரு பச்சை என்று டீஷர்ட்டுகள் என் செக்கிங் டேபிளுக்கு வந்தன. நான்தான் நடையாய் நடந்து, இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தேன்.

போட்டிக்கு வந்தவர் வீதிமுனைக் கம்பெனியின் இளைய முதலாளி. அவருடைய லோடு டெம்போ வழியை அடைத்து நிற்கும். எதிர்வீட்டுக்காரர்களோடு தினமும் ரகளை. சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இனிமே என்ற வண்டி வீதில நிக்காதுங்க" என்றார். அவருடைய மொத்தச் சாதனையே அந்த ஒரு வாக்கியம்தான்.

கமிட்டியில் மூன்று பேர். ஒரு ஓட்டு எனக்கு, ஒன்று அவருக்கு. மூன்றாவது நீங்கள். இருபது வருஷமாக என் தூக்குப்போசிச் சோற்றில் பாதி சாப்பிட்டவர். முந்தின நாள்கூட "நல்லதே நடக்கும் வே" என்றீர்கள். அதை நம்பித்தான் என் மீசை கறுத்தது.

மேடையில் அவர் பெயரை நீங்களே வாசித்தீர்கள். நான் கை தட்டினேன், மாஸ்டர். நாலு பேர் என்னையே பார்க்கிறார்களே.

மறுநாள் நேராக, நீங்கள் மாதிரிச் சட்டை தைக்கும் சேம்பிள் ரூமுக்கு வந்தேன்.

"ஏனுங்க மாஸ்டர், செஞ்சு முடிச்சவனுக்கா, செய்யறேன்னு வாயில சொன்னவனுக்கா விருது?"

நீங்கள் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெளிநாட்டுக்காரன் எதப் பாத்து வே ஆர்டர் குடுக்கான்? நான் தச்ச ஒத்தச் சேம்பிளத்தான? மொத்த லோடும் முடிஞ்ச பெறவா குடுக்கான்?"

"சேம்பிள் ஒரு கலரு, லோடு ஒரு கலருன்னு வருதுங்களே. அதைப் பொறுக்கிப் பொறுக்கித்தானுங்க என்ற கண்ணு போச்சு."

"உம்ம வேலை முடிஞ்சிட்டு. உமக்குக் குடுத்தா ஷீல்டு ஷோகேஸ்ல தூங்கும். அவன் வீட்டுல இருந்தா, வண்டி சாவிய எடுக்கும்போதெல்லாம் அவன மொறைக்கும்லா?"

"அப்ப நான் ஷோகேஸுங்களா?"

"கோவப்படாதீரும் வே."

கோபப்பட்டேன். எட்டாம் நாளே டெம்போ பழைய இடத்தில் நின்றது. போட்டோ எடுத்து, 'உங்க சேம்பிள்' என்று எழுதி உங்கள் போனுக்கு அனுப்பினேன். பார்த்தீர்கள், பதில் போடவில்லை. அன்றிலிருந்து தூக்குப்போசியைத் தனியாகத் திறந்தேன். நீங்களும் வந்து கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், மிஷின் முன்னாலேயே சாய்ந்துவிட்டீர்கள். பாதிச் சண்டையில் எழுந்து போவது எந்த ஊர் நியாயம்? ஓட்டை மாற்றிப் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். இதை என்ன செய்வது?

இப்போது டிவியில் உலக சமாதானப் பரிசு பற்றிய செய்தி வந்தால் போதும், டீக்கடை இரண்டாகிவிடும். "சண்டைய நிறுத்தறேன்னு சொன்னாப் போதுங்களா?" என்று ஒரு கட்சி. "குடுத்துப் பாருங்க, வெக்கத்துக்காவது நிறுத்துவான்" என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. ஆனால் எதிர்க்கட்சிக்காரர் திணறும்போது, உங்கள் சேம்பிள் கதையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அப்புறம் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் முழிக்கிறேன்.

ஏனென்றால், உங்களைக் கொண்டுபோன அமரர் ஊர்தி அந்த டெம்போவால்தான் வீதிமுனையில் நின்றது. இளைய முதலாளி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். ஊரே அவரைப் பார்த்தது. அன்று எடுத்த வண்டி, அதற்குப் பிறகு வீதியில் நின்றதே இல்லை. வேலைக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன், இன்றைக்காவது நின்றிருக்காதா என்று. நிற்கமாட்டேன் என்கிறது.

உங்கள் மேல் உள்ள கோபத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், மாஸ்டர். உங்கள் குரலில் என்னோடு பேச, அதைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமில்லை.

அந்த இரண்டு மாதச் சண்டை எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல விட்டுப்போயிற்று. கட்டிங் ஆட்கள் இந்தியில் தையல்காரர்களைக் கேலி பேசுகிறார்கள் என்று, ஒரு தையல்காரரிடம் முதலில் போய்ச் சொன்னவன் நான்தான். அப்போது பக்கத்தில் இருந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும். கடைசி வரை யாரிடமும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. எனக்கு இந்தி தெரியாது.