இடது மார்பில் அணிய வேண்டிய பதக்கங்கள்

அனுப்புநர்:
திருமதி சந்திரவதனா கேதீஸ்வரன்,
ஹோம்புஷ், சிட்னி.

பெறுநர்:
மாண்புமிகு இலங்கை உயர் ஸ்தானிகர் அவர்கள்,
கன்பரா.

பொருள்: என் தந்தை லெப்டினன்ட் க. ஜெயரட்ணம் அவர்களின் கடற்படைச் சேவையை ஏப்ரல் 11க்கு முன் உறுதிப்படுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எழுபத்தெட்டு வயதான என் தந்தை இரண்டு உலகப் போர்களிலும் கடலில் இருந்தவர். 1917இல், கொழும்புக்கு வெளியே ஜெர்மனியர் போட்ட கண்ணிவெடிகளை அகற்றிய படகொன்றில் கொடிச்சைகை காட்டினார். 1939இல் கடற்படைத் தொண்டர் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, அதே கடலில் அதே வேலையைச் செய்தார், இம்முறை கட்டளையிடுபவராக.

2. சென்ற ஆண்டு ஏப்ரல் 25 அன்று, எங்கள் பகுதியில் நடந்த போர்வீரர் அணிவகுப்புக்குத் தம் நான்கு பதக்கங்களையும் அணிந்து சென்றார். இந்நாட்டு வழக்கப்படி, போரில் இருந்தவர் இடது மார்பில் அணிவார். இறந்துபோன உறவினரின் பதக்கங்களை அணிபவர் வலது மார்பில் அணிவார். வரிசையை ஒழுங்குபடுத்தியவர் அப்பாவின் நிறத்தையும், அருகில் சேலையில் நின்ற என்னையும் பார்த்துவிட்டு, பதக்கங்களை வலப்பக்கம் மாற்றும்படி மிகவும் மரியாதையாகச் சொன்னார். நான் மறுத்துப் பேசத் தொடங்கினேன். "கட்டளையெண்டால் கட்டளைதான், பிள்ளை. இதைப் பிடி" என்று தொப்பியை என்னிடம் தந்துவிட்டு, அப்பா தாமே கழற்றி மாற்றிக் குத்திக்கொண்டார். தாம் பெற்ற பதக்கங்களை யாரோ இறந்தவருடையவை போல அணிந்து முழுத் தூரமும் நடந்தார்.

3. ஏற்பாட்டுக் குழு இப்போது ஏப்ரல் 11க்குள் ஆதாரம் கேட்கிறது. 1958 இனக்கலவரத்தில் எங்கள் இரத்மலானை வீடு எரிக்கப்பட்டபோது சேவைப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. பதக்கங்கள் அவருடைய காற்சட்டைப் பையில் இருந்ததால் தப்பின. இதை யாரையும் குற்றஞ்சாட்டும் நோக்கில் எழுதவில்லை. அவருடன் பணியாற்றிய திரு. விக்னராஜா வெள்ளவத்தையில் இருக்கிறார். சத்தியக் கடதாசி தர உடன்பட்டுள்ளார்.

4. இந்த மனு அவருக்காகவா, எனக்காகவா என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். அவர் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால், வழக்கம்போல் என் ஆங்கிலத்தைச் சரிபார்ப்பதாக வாங்கி, திருத்தித் திருத்தி இதில் புகாரே இல்லாமல் ஆக்கிவிடுவார். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இவ்வாண்டும் வலப்பக்கமே குத்தப்போவதாகச் சொல்கிறார். "செத்தவன்ர எண்டே இருக்கட்டும்" என்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அவ்வளவு தூரம் நடக்க அவருடைய இதயம் இடங்கொடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஆகவே, கொழும்புக் கடற்படைத் தலைமையகத்திடம் தந்தி மூலம் விசாரித்து, இப்பதக்கங்களைப் பெற்றவர் உயிருடன் இருக்கிறார் என்று ஒரு வரி எழுதித் தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சந்திரவதனா கேதீஸ்வரன்

இடம்: சிட்னி
திகதி: 14.03.1977