புளி போட்டு விளக்கிய கும்பா

காலையில் வெண்கலக் கும்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஓர் உருண்டை புளியைத் தண்ணீரில் போட்டேன். புளி ஊறி வாசனை எழும்பியதும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். செத்து மூன்று மாதம் ஆகியும் என்னை விடமாட்டேன் என்கிறாயே, ஏளா. உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பீர்மேட்டிலிருந்து மட்டும் ஆறு ஜீப். குழிமேட்டில் நின்று அழுதுகொண்டே, எனக்கு இதில் பாதியாவது வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான். உன் விஷயத்தில் எனக்கு அது என்றைக்கு இல்லாமல் இருந்தது?

எழுபதுகளில் தேயிலை எஸ்டேட் லயத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். உன் வீட்டில் பிள்ளை அழுதால் எனக்கும் தூக்கம் போய்விடும். ஒன்றல்ல, மூன்று பிள்ளைகள் வரிசையாக அழுதன. எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் வரை என் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அப்போது நமக்குக் கோயில் கிடையாது. கொழுந்து நிறுக்கிற பழைய கொட்டகையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் துரை விட்டுக்கொடுத்திருந்தார். பச்சைக் கொழுந்து வாடையிலேயே ஜெபம், வாடையிலேயே பாட்டு. போதகர் மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வைக்க நல்ல பாத்திரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது, என் அம்மா திருநெல்வேலியிலிருந்து சீராகக் கொடுத்துவிட்ட இந்தக் கும்பாவை நீதான் காட்டிக்கொடுத்தாய். அதிலிருந்து எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் சனிக்கிழமை சாயங்காலம் நான் புளி போட்டு விளக்க வேண்டும். உன் மூன்று பிள்ளைகளுக்கும் விளக்கினேன். மற்றவர்கள் பக்கத்தில் வந்து, உனக்கும் கர்த்தர் தருவார் என்று பெருமூச்சு விடுவார்கள். நீ அப்படியெல்லாம் ஆறுதல் சொன்னதில்லை. "அடியில இன்னும் கருப்பு இருக்குளா, நல்லாத் தேயி" என்பாய். அதற்காகவே உன்னைப் பிடிக்கும். அதற்காகவே உன்னைக் கண்டால் பற்றிக்கொண்டும் வரும்.

மேட்டில் கோயில் கட்ட இடம் கிடைத்ததும், ஆராதனை முடிந்து ஆளுக்கொரு கல் சுமந்து ஏறினோம். ஓடையிலிருந்து எடுத்த கல். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ தூக்கிய கல் எப்போதும் என் கல்லைவிடப் பெரிதாகவே இருக்கும். இரண்டு வருடத்தில் சுவர் எழும்பியது. தெற்கேயிருந்து ஒரு கல்தச்சர் வந்து ஞானஸ்நானத்துக்கென்று ஒரு கல்தொட்டி செதுக்கினார். கூரை இல்லாத கோயிலுக்குள் அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அந்த ஏப்ரலில்தான் எனக்கு மகள் பிறந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், சாக்கை விலக்கி, அந்தத் தொட்டியைத் தடவிப் பார்ப்பேன். ஏழு வருடம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாத்திரம் விளக்கியவள் நான். என் பிள்ளைக்கு அந்தப் பழைய கும்பா வேண்டாம், கல்தொட்டியில் அவளுக்குத்தான் முதல் ஞானஸ்நானம் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டேன். மழைக்கு முன்னால் கூரைத் தகரம் வந்துவிடும் என்றார்கள். தகரம் வருவதற்குள் மழை வந்துவிட்டது. மலைப்பாதை பாதி இடிந்து, தகரம் ஏற்றிய லாரி கீழேயே நின்றுபோனது. சபை முழுவதும் மேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கொட்டகையில் ஜெபித்தது. போதகர் வரும்போதெல்லாம் பிள்ளைக்கு எப்போது என்று கேட்பார். கூரை வரட்டும் என்பேன்.

ஜூலையில் உனக்கு நாலாவது பிறந்தான். நீயும் புதுக் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாய். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் பாட்டைக் கேட்டால் ஜனம் உன் பக்கம் திரும்பும், உன் பிள்ளையைக் கண்டால் அந்தப் பக்கம்தான் போகும். "எம்பிள்ளைக்குப் பெறவுதான் ஒம்பிள்ள" என்றேன். "சரிளா" என்றாய். அவ்வளவு லேசாக உன்னால் விட்டுக்கொடுக்க முடிந்ததே, அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்டில் உன் மகனுக்கு மார்ச்சளி கட்டியது. பால் இறங்கவில்லை, நெஞ்சு குழி விழுந்து மூச்சு வாங்கியது. டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். பாதையோ அந்த வாரம் முழுவதுமே இடிந்து கிடந்தது. ஆபத்து நேரத்தில் உபதேசியாரே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. மத்தியானம், கொட்டுகிற மழை. உன் வீட்டுக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி என் வாசலில் வந்து நின்று கும்பா கேட்டார்.

அன்றைக்கு நான் செய்ததை எந்தப் போதகரிடமும் சொன்னதில்லை. கும்பா பல மாதமாகச் சும்மா கிடந்து கறுத்திருந்தது. இதோ விளக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். புளியைக் கரைத்தேன். தேய்த்தேன். கழுவினேன். மறுபடியும் தேய்த்தேன். உன் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், என் மகளுக்கு முன்னால் இவனுக்கா என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. உன் வீட்டுக்காரர் மழையில் நனைந்துகொண்டே நின்றார். என் கை நிற்கவில்லை.

அப்புறம் நீயே வந்தாய். பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாய்.

"வெளக்குனது போதும்ளா. அப்பிடியே எடுத்துட்டு வா."

கும்பாவைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் ஓடினேன். வேலைக்காட்டிலிருந்து கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக அப்படியே வந்த ஜனம் கொட்டகை முழுக்க முழங்காலில் நின்றது. யாரோ வெந்நீர் கொண்டுவந்து கலந்தார்கள். கும்பாவின் விளிம்பில் புளிச்சக்கை ஒட்டியிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். உபதேசியார் தண்ணீரை அள்ளினார். உன் மகன் நெற்றியில் தண்ணீர் பட்டதும் மெல்ல ஒரு சிணுங்கல். அதற்கே அத்தனை பேரும் அழுதார்கள். மழைச் சத்தத்துக்கு மேல் எழும்பிப் பாடினார்கள். மூன்றாம் நாள் பாதை திறந்தது, ஜீப்பில் கொண்டுபோனீர்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

ஜனவரியில் கோயில் பிரதிஷ்டை. பேராயர் வந்தார். கொட்டகையிலிருந்து மேட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு பவனி போனோம். என் மகளுக்குத்தான் கல்தொட்டியில் முதல் ஞானஸ்நானம். நான் கேட்டது கேட்டபடி கிடைத்தது. ஒன்பது மாதப் பிள்ளை வீரிட்டுக் கத்தி, பேராயரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். ஜனம் சிரித்தது. பாதிப் பேர் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேருக்கு வெளியே வேகிற அசன விருந்துச் சோற்றின் மேல் கவனம். உன் பிள்ளைக்காக முழங்காலில் நின்ற அதே ஜனம்தான். ஒருவர் கண்ணிலும் தண்ணீர் இல்லை. மூன்றாம் வரிசையில் நீ மகனை மடியில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தாய். தொட்டியும் முதலிடமும் என்னுடையவை. நான் உன் கொட்டகையை நினைத்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய எரிச்சல் பிறகு வந்தது. என் அம்மா கொடுத்த கும்பாவில் உன் நாலு பிள்ளைகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். லயத்தில் எத்தனையோ பிள்ளைகள் பெற்றார்கள். என் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. என் மகளும் அவள் பிள்ளைகளும் கல்தொட்டிதான். நானே தேடிக்கொண்டது, யாரைக் குறை சொல்வேன்?

புளி விஷயத்தை உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நாற்பது வருடத்துக்கு மேல் நினைத்தேன். கொழுந்து பறிக்கும்போது ஒரே நிரையில் நிற்போம், வாய் வராது. கடைசியில் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது துணிந்து வந்தேன். நான் வாயைத் திறக்குமுன் நீயே சொன்னாய்.

"அன்னைக்கி நீ வெளக்கிக்கிட்டே இருந்தத எங்க வீட்ல அவிய அப்பமே சொன்னாவ. ஒனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஒன் எடத்துல நான் இருந்தா நானும் வெளக்கிக்கிட்டுதான் இருந்திருப்பேன். போ, போயி காப்பி வாங்கிட்டு வா."

வராந்தாவில் நின்று அழுதேன். நிம்மதியில் அழுதேன் என்று நினைக்காதே. அதிலும் நீ முந்திக்கொண்டாய் என்று அழுதேன். கேட்பதற்கு முன்பே மன்னித்துவிட்டால் கேட்க வந்தவள் என்ன செய்வாள்?

இப்போது நம் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். கல்தொட்டி மறுபடியும் சாக்குக்குள். ஆராதனை பள்ளிக்கூட அறையில் நடக்கிறது. என் பேத்தியின் பிள்ளைக்கு ஐந்து மாதம். புதுக் கோயில் திறக்கட்டும், இவளுக்கே முதலில் கொடுக்கலாம் என்று பேத்தி என்னிடம் வந்து சொன்னாள். அந்த ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே என்று சொல்லிவிட்டேன். என் அம்மாவின் கும்பாவில்.

அதற்குத்தான் இன்று புளி கரைத்தேன். தேய்க்கக் கையை வைக்கும் நேரம் உன் மகன் வந்தான். அவன்தான் இப்போது சபை மூப்பர், தலை முழுக்க நரை. அவன் அப்பா அன்று நின்றதுபோலவே வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குக் கும்பா வேண்டும் சித்தி என்றான். எடுத்துக் கையில் கொடுத்தேன். உள்ளும் புறமும் கறுப்பு. புரட்டிப் பார்த்தான்.

"வெளக்காண்டாமா சித்தி?"

"வேண்டாம். அப்பிடியே எடுத்துட்டுப் போ."

கரைத்த புளியை ரசத்துக்கு வைத்துக்கொண்டேன். அவன் கும்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறக்கத்தில் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று நான் காக்கவைத்த பிள்ளை, என் வீட்டுப் பிள்ளைக்காகக் கும்பா சுமந்துபோகிறான். உனக்குக் காணக் கிடைக்காத ஒன்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கிடைத்திருக்கிறது, ஏளா. உன்னிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இல்லை.